அப்பத்தாவின் கேசட்டும் கிராமியின் ஃபோக் பிரிவும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் உங்கள் அப்பத்தா பாடியதை 1989-ல் உங்கள் அப்பா கேசட்டில் பதிந்து வைத்திருக்கிறார். அதில் மூன்று பாட்டு கேட்கும்படி இருக்கிறது. அதே பாட்டு வரிசையில் வந்த இன்னும் ஆறு பாட்டை உங்கள் அத்தையைச் சென்னைக்கு வரவழைத்துப் பாடவைத்து, பறை, உறுமி, நாதஸ்வரம் சேர்த்துப் பதிவு செய்திருக்கிறீர்கள். மொத்தம் ஒன்பது பாட்டு, 38 நிமிடம். இதை எந்த விருதுக்கு, எந்தப் பிரிவில் அனுப்பலாம், அமெரிக்காவின் கிராமி இசை விருதில் 'ஃபோக்' என்றே ஒரு பிரிவு இருக்கிறதே, அது நமக்குப் பொருந்துமா என்று கேட்கிறீர்கள்.

நான் சாலிகிராமத்தில் ஒலிப்பதிவு வேலை பார்க்கிறவன். பாட்டைப் பதிவதோடு, அதற்கான காகித வேலையையும் பல ஆல்பங்களுக்குச் செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தகுதி விஷயம் பெரும்பாலும் ரெக்கார்டிங் நடக்கிற நாளிலேயே முடிவாகிவிடுகிறது. யார் பாடினார், எந்தத் தேதியில், யார் வாசித்தார், யார் பெயரில் வெளிவந்தது என்பதை அன்றைக்கே எழுதி வைத்தவர்களுக்குப் பின்னால் சிரமம் இல்லை. எழுதாமல் விட்டவர்கள் கடைசி நேரத்தில் அலைகிறார்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் விருது என்றால் ஆளுக்குக் கொடுப்பது. கிராமி மாதிரியான விருதுகள் பதிவுக்குக் கொடுப்பவை. தாலாட்டு உங்கள் குடும்பத்துச் சொத்து அல்ல, யார் கட்டினார் என்றும் தெரியாது. ஆனால் உங்கள் அப்பத்தா 1989-ல் பாடிய அந்தப் பதிவு ஒரு தனிப்பொருள். அதே தாலாட்டை அத்தை இந்த வருடம் பாடினால் அது வேறொரு பொருள். பாட்டு ஒன்றுதான், பதிவு இரண்டு. இது மனதில் பதிந்துவிட்டால் மற்ற விதிகளெல்லாம் தானாகப் புரியும்.

இப்போது ஃபோக் பிரிவு. பெயரைப் பார்த்து ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாட்டுப்புறப் பாடல் என்பதை ஆங்கிலத்தில் ஃபோக் என்று எழுதிப் பழகிவிட்டோம், அதனால் அது நமக்கான இடம் என்று தோன்றுகிறது. அங்கே அந்தச் சொல்லுக்குத் தனி வரலாறு உண்டு. 1987-ல் கிராமியில் பாரம்பரிய ஃபோக் ஆல்பம், சமகால ஃபோக் ஆல்பம் என்று இரண்டு பிரிவுகளாக வைத்தார்கள். 2012-ம் ஆண்டு விழாவுக்கு முன்னால் மொத்தப் பிரிவுகளை 109-லிருந்து 78-ஆகக் குறைத்தபோது அந்த இரண்டையும் சேர்த்து ஒரே ஃபோக் ஆல்பம் ஆக்கினார்கள். அதே வருடம் ஹவாய் இசை, அமெரிக்கப் பழங்குடி இசை, லூசியானாவின் கேஜன்-சைடிகோ இசை ஆகியவற்றுக்கு இருந்த தனிப் பிரிவுகளும் போய், எல்லாம் 'வட்டார வேர் இசை' என்ற ஒரே கூடைக்குள் வந்தன. இவையெல்லாம் அமெரிக்க வேர் இசை என்ற குடையின் கீழ் இருப்பவை. நம் ஒப்பாரியும் தெம்மாங்கும் அந்தக் குடைக்குள் வராது.

நமக்கான இடம் குளோபல் மியூசிக். முன்பு அதை வேர்ல்ட் மியூசிக் என்றார்கள், 2020-ல் பெயரை மாற்றினார்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் மரபு அல்லாத நாட்டார் இசை, மேற்கத்தியது அல்லாத செவ்வியல் இசை, இவற்றைக் கலந்து செய்யும் புதிய இசை எல்லாம் அங்கேதான் போகும். 2004 முதல் 2011 வரை அங்கும் பாரம்பரியம், சமகாலம் என்று இரண்டு தனிப் பிரிவுகள் இருந்தன. அந்தப் பிரிவினை நீடித்திருந்தால் உங்களுக்கு நல்லதாக இருந்திருக்கும். இப்போது ஆல்பத்துக்கு ஒன்று, தனிப்பாட்டுக்கு 2022 முதல் ஒன்று என்று இருக்கிறது. 2024-ல் ஆல்பப் பிரிவில் வென்றது ஷக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்'. ஜாகிர் உசேன், சங்கர் மகாதேவனோடு நம் கணேஷ் ராஜகோபாலன், செல்வகணேஷ் இருவரும் அதில் இருந்தார்கள். உங்கள் அத்தையின் குரல் போட்டி போட வேண்டியது அந்த மாதிரி ஆல்பங்களோடு. மனம் தளரச் சொல்லவில்லை, களம் எது என்று தெரிந்து இறங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, உங்கள் ஆல்பம் தகுதி பெறுமா? இப்போது இருக்கும் வடிவத்தில் பெறாது. காரணம் கேசட்.

கிராமி விதிப்படி ஆல்பம் என்றால் குறைந்தது ஐந்து வெவ்வேறு பாட்டும் 15 நிமிடமும் இருக்க வேண்டும், அல்லது பாட்டு எத்தனை ஆனாலும் மொத்தம் 30 நிமிடம் இருக்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் மொத்த நேரத்தில் 75 விழுக்காட்டுக்கு மேல் புதிய பதிவாக இருக்க வேண்டும். புதியது என்றால் இரண்டு நிபந்தனை: இதற்கு முன் வெளியாகியிருக்கக் கூடாது, வெளியீட்டுக்கு முந்தைய ஐந்து ஆண்டுக்குள் பதிவானதாகவும் இருக்க வேண்டும். அப்பத்தாவின் கேசட்டை இதுவரை யாரும் வெளியிடவில்லை, ஆகவே அது புதியதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். முதல் நிபந்தனைக்குச் சரி, இரண்டாவதில் விழுந்துவிடும். நீங்கள் அனுப்பிய கணக்குப்படி கேசட் பாட்டு மூன்றும் 11 நிமிடம், அத்தையின் ஆறு பாட்டும் 27 நிமிடம். 38-ல் 27 என்றால் 71 விழுக்காடு. நான்கு விழுக்காட்டில் வெளியே நிற்கிறீர்கள்.

அப்பத்தாவை வெட்டிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இப்படிச் செய்யுங்கள். கேசட்டில் இரண்டாவதாக வரும் தாலாட்டு 4 நிமிடம் ஓடுகிறது. அது அத்தைக்கும் மனப்பாடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அத்தையை வைத்துத் திரும்பப் பதியுங்கள். இப்போது புதியது 31 நிமிடம், கேசட் 7 நிமிடம், 81 விழுக்காட்டைத் தாண்டிவிடும். அப்பத்தாவின் தாலாட்டைத் தனியாகப் பின்னால் வெளியிடலாம். ஆனால் மூன்றாவது பாட்டான அந்த ஒப்பாரியில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒப்பாரியை இழவு இல்லாத வீட்டில் பாடினால் ஆகாது என்று பெண்கள் மறுத்துவிடுவார்கள். ஒரு முறை ஒரு பெரியம்மாவைப் பாடவைக்க நாங்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே கண்மாய்க் கரைக்குப் போனோம். பாடி முடித்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். உங்கள் அப்பத்தா மகனுக்காக அந்தத் தடையை மீறிப் பாடியிருக்கிறார். அந்தப் பதிவு திரும்பக் கிடைக்காது.

கேசட் பாட்டுகள் நிறைய இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. பழைய பதிவுகளைத் தேடி எடுத்து, சுத்தம் செய்து, விளக்கத்தோடு வெளியிடுபவற்றுக்கு வரலாற்று ஆல்பம் என்று தனிப் பிரிவு உண்டு. ஆல்பத்தோடு வரும் கட்டுரைக்கும் தனி விருது உண்டு. 1952-ல் ஹாரி ஸ்மித் தொகுத்த அமெரிக்க நாட்டார் இசைத் தொகுதியை 1997-ல் மறுபடி வெளியிட்டபோது அடுத்த ஆண்டு அந்த இரண்டு விருதும் அதற்குக் கிடைத்தன. ஆர்ட் ரோசன்பாம் ஐம்பது ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய்ப் பதிந்தவற்றின் தொகுப்பு 2009-ல் வரலாற்று ஆல்பம் விருது வாங்கியது. நம்மிடம் அப்படித் தொகுக்கத் தகுந்த சேகரிப்புகள் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. என்னைக் கேட்டால், தமிழ் நாட்டார் பாடலுக்கு உலக அளவில் நியாயமான வழி இந்த வரலாற்றுப் பிரிவுதான். இதில் பறை அடியோடு கித்தார் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை, பாடியவர் யார், பாட்டு எங்கே பிறந்தது என்று ஒழுங்காக எழுதினால் போதும்.

பாரம்பரியம், புதியது என்ற கோடு வேறு சில இடங்களில் இன்னும் கறாராக இருக்கும். பிபிசி ரேடியோ 2 நடத்திய ஃபோக் விருதுகளில் (2000-ல் தொடங்கி 2019 வரை நடந்தன) பாரம்பரியப் பாட்டின் பதிவுக்கு ஒன்று, புதிதாக எழுதிய பாட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். கனடாவின் ஜூனோ விருதிலும் பாரம்பரிய வேர் இசை, சமகால வேர் இசை என்று இரண்டு உண்டு. ஆனால் ஜூனோவுக்குப் பாடுகிறவர் கனடாக் குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பாளராகவோ இருக்க வேண்டும். டொரண்டோவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குத்தான் அது உதவும்.

இந்தக் கோட்டை நம்மூரில் போட்டுப் பார்த்தால் கானாவில் வந்து சிக்கும். வடசென்னையில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் மரண கானாவுக்கு மெட்டு பொதுச்சொத்து, சொல் மட்டும் அன்றைக்கு அந்த ஆளுக்காகக் கட்டியது. இறந்தவர் பெயரும் தெருவும் வேலையும் பாட்டுக்குள் வந்துவிடும். எழுதியவர் யார் என்று தெரிகிறது, அதனால் பாரம்பரியம் இல்லை என்பீர்களா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். குளோபல் பிரிவில் இந்தக் கேள்வியே எழாது என்பது ஒரு நிம்மதி.

அடுத்தது வெளியீடு. சிடி அச்சிட வேண்டிய தேவை இல்லை. 2016-ல் விதியை மாற்றி ஸ்ட்ரீமிங்கில் மட்டும் வெளியானவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அமெரிக்காவில் கிடைக்கும் முழுமையான ஸ்ட்ரீமிங் தளங்களில் இருக்க வேண்டும், யூடியூபில் மட்டும் ஏற்றிவிட்டுக் காத்திருந்தால் பலன் இல்லை. தகுதிக் காலமும் முக்கியம். 2026 பிப்ரவரியில் நடந்த விழாவுக்கு 2024 ஆகஸ்ட் 31 முதல் 2025 ஆகஸ்ட் 30 வரை வெளியானவற்றை எடுத்துக்கொண்டார்கள். ஆண்டுதோறும் நாள் கொஞ்சம் நகரும், ஆனால் ஆகஸ்ட் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். தைப்பொங்கலுக்கு வெளியிட்டால் அடுத்த பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டும், பயப்பட வேண்டாம். விண்ணப்பத்தை நீங்களாக நேரடியாகப் போட முடியாது. கிராமியை நடத்தும் ரெக்கார்டிங் அகாடமியின் உறுப்பினரோ, அங்கே பதிவு செய்த நிறுவனமோதான் போட முடியும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. எண் வாங்க வேண்டும். 12 எழுத்து-எண் கொண்ட குறியீடு, பாட்டுக்கு அல்ல, பதிவுக்குத் தருவது. அத்தையின் தாலாட்டுக்கு ஒன்று, அப்பத்தாவின் தாலாட்டுக்கு வேறொன்று. உங்களுக்காக ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டரே இதைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். ஏற்றும் படிவத்தில் முதன்மைக் கலைஞர் என்று ஒரு கட்டம் இருக்கும். சில வருடம் முன்பு நான் பதிந்த ஒரு ஆல்பத்தில் அந்தக் கட்டத்தில் இசைக்கோர்ப்பு செய்தவர் பெயரை மட்டும் போட்டு ஏற்றிவிட்டார்கள். எட்டுப் பாட்டும் பாடியது ஒரு அம்மா. அவர் பெயர் எந்தத் தளத்திலும் வரவில்லை. மாற்றித் தரச் சொல்லி நான்கு மாதம் மின்னஞ்சல் அனுப்பினேன். மாற்றி வருவதற்குள் அந்த அம்மா காலமாகிவிட்டார். பேரன் செல்போனில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, இது எங்கள் பாட்டி இல்லையா என்று கேட்டான். அன்றிலிருந்து அந்தக் கட்டத்தை நானே நிரப்புகிறேன். விருதும் அந்தக் கட்டத்தைத்தான் பார்க்கும். ஆல்பத்தின் கலைஞர் என்று பெயர் இருப்பவருக்கும், பாதிக்கு மேற்பட்ட நேரத்துக்குத் தயாரிப்பு, ஒலிப்பதிவு செய்தவர்களுக்கும்தான் கோப்பை. அத்தை பெயரும் அப்பத்தா பெயரும் முதன்மைக் கலைஞர் இடத்தில் வர வேண்டும். இசையமைப்பு என்ற இடத்தில் உங்கள் தம்பி பெயரைப் போடுவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். மெட்டு அவருடையது இல்லை. பாடல், மெட்டு இரண்டுக்கும் 'பாரம்பரியம்' என்று போடுங்கள், தம்பி செய்தது இசைக்கோர்ப்பு. அதுவே பெரிய வேலைதான்.

வாசித்தவர்களின் பெயரையும் விடாதீர்கள். பறை அடிக்க வந்த மூவரை நீங்கள் 'ரிதம் குழு' என்று எழுதியிருக்கிறீர்கள். ஏசி அறையில் ஒரு மணி நேரம் இருந்தால் பறையின் தோல் தளர்ந்து சத்தம் அமுங்கிவிடும். அப்போது அவர்கள் வெளியே வந்து, ஸ்டூடியோ கேட்டுக்குப் பக்கத்தில் பழைய செய்தித்தாளைக் கொளுத்தி, பறையை வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்று வந்ததும் ஓடி வந்து மைக் முன்னால் நிற்பார்கள். அந்தச் சூடு இரண்டு டேக்கில் இறங்கிவிடும், மறுபடி வெளியே போக வேண்டும். அவ்வளவு உழைப்புக்கு 'ரிதம் குழு' போதாது. மூன்று பேர் பெயரையும் ஊரையும் தனித்தனியாகப் போடுங்கள்.

ஒப்புதல் கடிதமும் வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு நம் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடுகிறவர், வாசிப்பவர் உரிமை உறுதியாக இருக்கிறது. வணிகமாகப் பயன்படுத்தினால் அவர்களுக்கு ராயல்டியில் பங்கு உண்டு, அந்த உரிமை 50 ஆண்டு நிற்கும். ஆகவே கடிதத்தைத் தமிழில் எழுதி, அத்தைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அப்பத்தா இல்லை என்பதால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுவது நல்லது. அத்தையும் அதில் ஒரு வாரிசுதான், மறந்துவிடாதீர்கள்.

கேசட்டை ஏஐ கொண்டு சுத்தம் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2023 முதல் மனிதப் படைப்பாளிக்கு மட்டும்தான் கிராமி என்று விதி இருக்கிறது. ஆனால் இரைச்சலை நீக்குவது, குரலைப் பிரித்தெடுப்பது கருவியாகப் பயன்படுத்துவதுதான், தடை இல்லை. பீட்டில்ஸின் 'நவ் அண்ட் தென்' பாட்டில் ஜான் லெனனின் பழைய கேசட்டுக் குரலை அப்படித்தான் பிரித்தெடுத்தார்கள், 2025-ல் அதற்குக் கிராமி கிடைத்தது. அப்பத்தா பாடாத வரியை அவர் குரலில் உருவாக்கச் சொல்வது வேறு. அதை எந்த விருதுக்காகவும் செய்யாதீர்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதுமே கிராமிக்குத் தேர்வு என்று போஸ்டர் அடிக்கிற வழக்கம் இங்கே வந்துவிட்டது. விண்ணப்பித்தல் வேறு, பரிந்துரைப் பட்டியலில் வருவது வேறு. விதிக்கு உட்பட்ட எல்லாப் பதிவும் முதல் சுற்று வாக்குக்குப் போகும். பரிந்துரைப் பட்டியலை இறுதி செய்துவந்த மறுஆய்வுக் குழுக்களை 2021-ல் பெரும்பாலான பிரிவுகளில் எடுத்துவிட்டதால் இப்போது உறுப்பினர் வாக்கே முடிவு செய்கிறது. கேட்டவர்கள்தான் வாக்களிப்பார்கள், அவர்கள் காதுக்குப் போய்ச் சேர்வது தனி வேலை.

இங்கே இருக்கும் விருதுகளையும் பார்த்துவிடுங்கள், அத்தைக்கு அவைதான் பக்கத்தில் இருப்பவை. மாவட்டக் கலை மன்றம் வயதை வைத்து ஐந்து விருது தருகிறது: 18 வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, 66-க்கு மேல் கலை முதுமணி. அத்தைக்கு 63 என்றீர்கள், கலை நன்மணிக்கு இன்னும் இடம் இருக்கிறது. அவர் ஊரில் குடியிருப்பதால் புதுக்கோட்டை மாவட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டும், சென்னையில் பதிந்தது கணக்கில் வராது. கலைமாமணி தருவது இங்கே சென்னையில் இருக்கும் இயல் இசை நாடக மன்றம். தில்லியின் சங்கீத நாடக அகாடமி விருதில் நாட்டார், பழங்குடிக் கலைகளுக்குத் தனி இடம் உண்டு. அதன் உஸ்தாத் பிஸ்மில்லா கான் யுவ புரஸ்கார் 40 வயதுக்குள், பறை வாசித்த இளைஞர்களுக்குச் சொல்லுங்கள். பத்ம விருதுக்கு யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம், தானே விண்ணப்பிக்கவும் செய்யலாம். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்கு 2018-லும் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-லும் பத்மஸ்ரீ கிடைத்தது.

பதிவுக்காகவே பாடியவருக்குக் கிடைத்த விருது என்றால் எனக்கு நஞ்சியம்மாதான் நினைவுக்கு வருவார். அட்டப்பாடி இருளர் சமூகத்தவர், 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் பாடியதற்காக 2022-ல் அறிவித்த தேசியத் திரைப்பட விருதில் சிறந்த பின்னணிப் பாடகி. சுருதிக்குள் நின்று பாடத் தெரியாதவருக்கு எப்படி என்று சிலர் கேட்டார்கள். கிராமத்துக் குரலை, தாளம் பிசகாமல் இருக்க ஹெட்ஃபோனில் ஓடும் கிளிக் டிராக்குக்குள் அடக்கிப் பழகிய காதுகளின் கேள்வி அது. உங்கள் அத்தையின் நான்காவது பாட்டில் குரல் மேலே போகும்போது லேசாகச் சுருதி ஏறுகிறது. மிக்ஸிங்கில் அதைச் சரிசெய்யச் சொல்லாதீர்கள். அதே ஏற்றம் அப்பத்தாவின் ஒப்பாரியிலும் அதே இடத்தில் இருக்கிறது, அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்தது.

இப்போதைக்கு அவசரம் கேசட்டுக்குத்தான். அதை எந்த டேப்ரெக்கார்டரிலும் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால் உள்ளே நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டின் பசை காய்ந்து விழுந்திருக்கும். அந்த நிலையில் ஓட்டினால் குரல் மங்கலாக வரும், நாடா சிக்கவும் வாய்ப்பு உண்டு. கேசட்டின் பிளாஸ்டிக் கூட்டைத் திறந்து நாடாவை நல்ல கூட்டுக்கு மாற்றி, டேப்ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் கோணத்தை அந்த நாடாவுக்கு ஏற்றபடி திருகி வைத்து, முதல் ஓட்டத்திலேயே 24 பிட்டில் பதிந்துகொள்ள வேண்டும். ஸ்டூடியோவுக்குக் கொண்டு வரும்போது அட்டை உறையையும் கூடவே கொண்டு வாருங்கள். அதில் உங்கள் அப்பா கைப்பட எழுதிய தேதி இருக்கிறது என்றீர்களே, எல்லாப் படிவத்துக்கும் நாம் காட்டப்போகிற சான்று அதுதான்.